ஓட்டமும் தேக நலமும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அமர்ந்தே தொழில் செய்வதால் நம்மவர் தேகம் பருத்து, நீரிழிவுக்கு இடமாகின்றது. சென்னை மேயராயிருந்த மா. சுப்பிரமணியன் அவர்கள், 2004-ல் விபத்தில் கால் காயமுற்ற பின்னரும், 21 கிலோமீட்டர் ஓட்டங்களை நூற்றுக்கு மேல் நிறைவேற்றினார்.

நமக்கோ தென்காசியினின்று குற்றாலம் ஏறக்குறைய 5 கிலோமீட்டரே. 80 கிலோ எடையுள்ளவர் அத்தூரம் ஓடின் சுமார் 400 கலோரி செலவாகும். ஒரு கிலோ கொழுப்புக் கரைய ஏறத்தாழ 7,700 கலோரி வேண்டும். ஆகவே, அஃது இருபது நாள் ஓட்டத்தின் பயன். அருவியாடிய பசியில் நாலு பரோட்டா உண்போமாயின், அன்றைய ஓட்டம் வீணே.

முதலில் நடந்து, பின் மெல்ல ஓடுவோம். நோயுடையோர் மருத்துவரைக் கேட்டே தொடங்குக. வருகின்ற சாரற்காலத்திற்குள் நில்லாது ஓடிக் குற்றாலம் சேர்தலே நம் ஒவ்வொருவரின் இலக்காகுக!