தமிழில் கொடு, பிறகு கையெழுத்துக் கேள்!

முத்துக்கடையில் திரண்டிருக்கிற தாய்மார்களே, தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் ஷிப்ட் முடித்து நேராக இங்கே வந்திருக்கிற தோழர்களே!

போன வாரம் தங்கை ஒருத்தி என்னிடம் ஒரு தாளை நீட்டினாள். 11 வருஷமாக ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைத்தவள். தாள் முழுக்க இங்கிலீஷ். கீழே இரண்டு இடத்தில் பென்சிலால் இன்ட்டு போட்டிருந்தது. அதன்மேல் தமிழில் அழகாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். "லீவு லெட்டர்னு சொன்னாங்கண்ணே" என்றாள். படித்துப் பார்க்கிறேன்: நானே விருப்பப்பட்டு வேலையை விடுகிறேன், கிராஜுவிட்டி உட்பட எல்லாக் கணக்கும் தீர்ந்தது, பாக்கி ஏதுமில்லை. அவள் கைக்கு ஒரு பைசா வரவில்லை!

இது கையெழுத்து வாங்கியதா? கொள்ளை!

"தொழிலாளி இங்கிலீஷ் கற்றுக்கொள்ளட்டுமே" என்கிறார்கள் முதலாளியின் வக்கீல்கள். வாருங்கள் ஐயா, ஒருநாள் எங்கள் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கக் கற்றுக்கொள்ளுங்கள்!

வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே, 1946-இல், நிலையாணைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு என்ன சொன்னது? கம்பெனி விதிகளை இங்கிலீஷிலும், பெரும்பாலான தொழிலாளிகளுக்குப் புரியும் மொழியிலும் எழுதி வாசலருகே பலகையில் மாட்டு என்றது. தமிழில் கொடு என்று நான் புதிதாகவா கேட்கிறேன்? துரைக்கு உறைத்தது உள்ளூர் மேனேஜருக்கு உறைக்கவில்லையே!

"வாயால் விளக்கிச் சொன்னோமே" என்பார்கள். 1962-இல் அரிகிசன் வழக்கில் மகாராஷ்டிர அரசும் அதைத்தான் சொன்னது. இங்கிலீஷ் தெரியாதவரைக் காவலில் வைத்து, காரணத்தை இங்கிலீஷ் தாளில் கொடுத்தது. வாய்ப்பேச்சு போதாது, அவருக்குப் புரிகிற மொழியில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் அவரை விடுவித்தது. சிறையில் இருப்பவருக்கு உள்ள நியாயம் தையல் மிஷினில் இருப்பவளுக்கு இல்லையா? தமிழில் கொடு!

பாலாறு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் ஷாப் கழிவால் கெட்டது நம் கிணறு. வழக்குப் போட்டது வேலூர்க்காரர்கள். 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வந்தது. கெடுத்தவன்தான் நஷ்டஈடு தரவேண்டும் என்றது. அதுவும் இங்கிலீஷ்தான். கிணற்றுக்காரர் யாரிடம் கொண்டுபோய்ப் படித்துக் கேட்பார்?

கிராஜுவிட்டி முதலாளி போடும் பிச்சை இல்லை. 1972-இல் சட்டம் போட்டுக் கொடுத்த உரிமை. 5 வருஷம் முடித்தவர் தானாக விலகினாலும், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் தந்தே ஆக வேண்டும். எந்த ஒப்பந்தத் தாளும் அதைத் தாண்டாது என்று 14-ஆம் பிரிவு எழுதி வைத்தது. அந்தத் தங்கையின் பணத்தை வாங்காமல் விடமாட்டோம்!

லேபர் ஆபீசுக்கான மனு மேடைக்குப் பக்கத்து மேஜையில் இருக்கிறது. தமிழில்தான் எழுதியிருக்கிறோம். முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.