வைத்தியரும் வழக்கும்

(சம்மாந்துறையில் நடைபெற்ற மன்ற ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)





நமது பிள்ளைகளிற் சிலர் வைத்தியராக வேண்டுமென்று இரவு பகலாகப் படிக்கின்றார்கள், அவர்களுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். வைத்தியத் தொழிலின் பெருமையைப் பற்றி நீங்கள் வேண்டிய மட்டும் கேட்டிருப்பீர்கள். ஆகையால், அத்தொழிலின் அச்சத்தைப் பற்றி இன்று பேசலாமென எண்ணினேன். ஒரு நோயாளி இறந்தால், அல்லது ஊனமுற்றால், வைத்தியருக்கு என்ன நேர்கிறது? நோயாளியின் குடும்பத்தார் எங்கே போய் நியாயம் கேட்பது? இவை இரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள்.

முதலில் என் சொந்தக் கதையொன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஊரையும் ஆஸ்பத்திரியையும் சொல்ல வேண்டியதில்லை. நடுச்சாமத்தில் ஒரு கமக்காரரைக் கொண்டுவந்தார்கள். வேளாண்மைக் காவலுக்குப் போய், வாடியில் நிலத்திற் படுத்திருந்தவர். வயிற்று வலி என்றார். கையால் அழுத்திப் பார்த்தேன். வயிற்றுப் புண் என்று எழுதி, மருந்து கொடுத்துப் படுக்க வைத்தேன். எங்கே படுத்திருந்தீர்கள் என்று நான் கேட்கவேயில்லை.

விடியற்காலையில் தாதி ஓடிவந்து, "டொக்டர், அந்த மனிசனுக்குக் கண்ணிமை விழுகுது" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது கட்டுவிரியன் கடி. அந்தப் பாம்பு கடித்தால் பெரும்பாலும் நோவு தெரியாது, பல் பதிந்த அடையாளமும் தெரியாது. வயிற்று வலிதான் முதலில் வரும். பிறகு இமை சோரும், பேச்சுக் குழறும், மூச்சு நிற்கும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இயந்திரத்தின் உதவியால் பல நாட்கள் மூச்சு விட்டு, ஆண்டவன் கிருபையால் அவர் பிழைத்துக்கொண்டார்.

அவரை வண்டியில் ஏற்றியபின், கட்டிலின் தலைமாட்டில் இருந்த டிக்கற்றைக் கையில் எடுத்தேன். "வயிற்றுப் புண்" என்ற என் எழுத்து என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினால் யாருக்குத் தெரியும் என்று மனம் சொல்லிற்று. பேனாவையும் எடுத்துவிட்டேன். அவ்வேளை என் மூத்த வைத்தியர் உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். "தம்பி, எழுதினதை அழியாதேயும். அதுக்குக் கீழே, இப்போதைய நேரத்தைப் போட்டு, இப்போது கண்டதை எழுதும். பிழைவிட்ட வைத்தியனைக் கோடு மன்னித்தாலும் மன்னிக்கும். கடதாசியை மாற்றினவனை ஒருவரும் நம்பமாட்டார்" என்றார்.

அன்று மாலையே நோயாளியின் காக்காவைத் தேடிப்போய், நான் கேட்க மறந்ததை ஒளிக்காமற் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "டொக்டர், நீங்க வந்து சொன்னதே போதும். வேற ஆக்கள் சொல்லி நாங்க அறிஞ்சிருந்தா மனசு ஆறியிருக்காது" என்றார். அந்த மனிதர் இறந்திருந்தால் கதை வேறுவிதமாக முடிந்திருக்கலாம். ஆனால் அப்போதும் நான் சொல்ல வேண்டியது அதே உண்மைதான்.

அன்பர்களே, குறை ஏற்பட்டால் நியாயம் கேட்பதற்கு நமது நாட்டில் நான்கு வாசல்கள் உண்டு.

முதலாவது, திணைக்களம். அரசாங்க வைத்தியர் தாபனக் கோவைக்குக் கட்டுப்பட்டவர். விசாரணையில் குற்றவாளியாகக் காணப்பட்டால் கண்டிக்கப்படலாம், வேலையையும் இழக்கலாம்.

இரண்டாவது, இலங்கை மருத்துவ சபை. 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வைத்தியர்களின் பதிவேட்டை வைத்திருப்பது இச்சபையே. தொழிலுக்கு இழுக்கான நடத்தை நிரூபிக்கப்பட்டால், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க இதற்கு அதிகாரமுண்டு. பெயர் போனால் தொழிலும் போயிற்று. ஆனால் இச்சபை நட்டஈடு வாங்கித் தராது.

மூன்றாவது, மாவட்ட நீதிமன்றம். நட்டஈடு கேட்கும் இடம் இது. கவனக்குறைவால் நேர்ந்த தீங்குக்கு இரண்டு வருடத்துக்குள் வழக்கு வைக்க வேண்டும். காலம் கடந்தால் கதவு மூடிவிடும்.

நான்காவது, குற்றவியல் நீதிமன்றம். அசட்டையான செயலால் மரணம் விளைவித்தவருக்கு, தண்டனைச் சட்டக் கோவையின் 298ஆம் பிரிவின்படி ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

இந்த வாசல்களில் நுழைந்தவுடன் தீர்ப்புக் கிடைத்துவிடும் என்று எண்ணலாகாது. பேராசிரியை பிரியானி சொய்சாவின் வழக்கை உதாரணமாகச் சொல்லலாம். 1992ஆம் ஆண்டு ஒரு பெண் குழந்தை மூளைத் தண்டில் ஏற்பட்ட கட்டியால் இறந்தது. நாடறிந்த குழந்தை வைத்திய நிபுணரான அவர் நோயைச் சரியாகக் கண்டறியவில்லை என்று தந்தையார் வழக்குத் தொடுத்தார். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அதையும் தள்ளிவிட்டது. வைத்தியர் பிழைவிட்டாரா என்பது ஒரு கேள்வி, அப்பிழைதான் மரணத்துக்குக் காரணமா என்பது வேறு கேள்வி. இரண்டாவது நிரூபிக்கப்படவில்லை என்பதே முடிவு. பெற்ற மனம் இதைக் கேட்டு ஆறுமா? ஆறாது. ஆயினும் அந்த வழக்கின் பின், எவ்வளவு பெரிய வைத்தியரும் தாம் செய்ததற்குக் கோட்டில் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை நாடு அறிந்துகொண்டது.

இனி, வாசல்களை விட்டு வீதியில் தீர்ப்புக் கூறினால் என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2019ஆம் ஆண்டு, உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்து ஒரு மாதம் கழிந்த வேளை. குருநாகல் ஆஸ்பத்திரி வைத்தியர் ஷாபி ஷிஹாப்தீன், ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற கதை பத்திரிகையில் வந்தது. மே மாதத்தில் அவரைக் கைதுசெய்தார்கள். நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு கொடுத்தார்கள். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லையென்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஜூலை 25ஆம் திகதி அவர் பிணையில் வெளியே வந்தார். 2022ஆம் ஆண்டு அவரது நிலுவைச் சம்பளம் ஏறத்தாழ 26 இலட்சத்து 70 ஆயிரம் ரூபா கிடைத்தது. நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு நிலவிய அந்த நேரத்தில், அப்பணத்தை மருந்து வாங்குவதற்கே கொடுத்துவிட்டார்.

இதை நான் ஏன் இங்கே சொல்கிறேன்? நாம் முஸ்லிம் சகோதரர்களோடு வேலிக்கு வேலி வாழ்பவர்கள். அவர்களுடைய வைத்தியர் நமது பிள்ளையைப் பார்க்கிறார், நமது வைத்தியர் அவர்களுடைய பிள்ளையைப் பார்க்கிறார். வாட்டில் ஒரு மரணம் நிகழ்ந்தால், வைத்தியருடைய பெயரைக் கொண்டு காரணம் கற்பிக்கும் பழக்கம் நம் ஊர்களுக்குள் புகுந்துவிட்டால், பிறகு எந்த வைத்தியர் இங்கே வர விரும்புவார்? கைத்தொலைபேசியில் ஒரு படத்தையும் நாலு வசனத்தையும் போடுவதற்கு ஒரு நிமிடம் போதும். அதனால் கெட்ட பெயரைத் திருத்துவதற்கு ஓர் ஆயுள் போதாது.

அப்படியானால் வாய்மூடி இருக்க வேண்டுமா? ஒருபோதும் இல்லை. இளைஞர்களே, உங்கள் வீட்டில் இத்தகைய துயரம் நேர்ந்தால், என்ன நடந்தது என்று பொறுப்பான வைத்தியரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நாள், நேரம், சொன்னவர், செய்தது யாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். மரண விசாரணை வேண்டுமென்றால் அடக்கத்துக்கு முன்னரே கேளுங்கள். பின்பு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைத்தால், அடுத்த நாள் அவ்வாசலுக்கு வரும் ஏழை நோயாளிக்கே நட்டம்.

பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம். "டொக்டர், இரண்டு நாளைக்கு ஒரு மெடிக்கல் தாங்கோ" என்று சுகதேகியாக வந்து கேட்கிறீர்கள். பொய்ச் சான்றிதழ் கொடுப்பதும் வைத்தியருடைய பதிவுக்கே ஆபத்தான குற்றம். நாமே அவரைப் பிழைசெய்யத் தூண்டிவிட்டு, பின்னர் வைத்தியருக்கு ஒழுக்கமில்லை என்று பேசலாமா?

வைத்தியராக வரப்போகும் பிள்ளைகளே, சட்டத்துக்கு அஞ்சி நோயாளியைத் தட்டிக்கழிக்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். மூத்தவரைக் கேளுங்கள். செய்ததை உடனுக்குடன் எழுதுங்கள். பிழைத்தால், மற்றவர் சொல்லுமுன் நீங்களே போய்ச் சொல்லுங்கள். நோயாளியைக் காப்பதும் இதுவே, உங்களைக் காப்பதும் இதுவே.

வைத்தியம் என்பது நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என்ற நான்கும் சேர்ந்ததென்று வள்ளுவர் வகுத்தார். அந்த நான்காமவர் தாதி மட்டுமல்லர். கட்டிலருகே நிற்கும் நீங்களும் நானுந்தான். வாடியிலே படுத்தவர் என்ற ஒரு சொல்லை, அன்று நான் கேட்காவிட்டாலும், கூட வந்தவர்களில் ஒருவர் சொல்லியிருந்தால், அந்த இரவு வேறாக இருந்திருக்கும். ஆகவே கேட்க மறவாத வைத்தியரும், சொல்லத் தயங்காத சுற்றத்தாரும் நமது ஊரில் பெருக வேண்டுமென வேண்டி அமைகிறேன்.