நிலக்கடலைக்குத் தூவல் பாசனம்
(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கிணற்று நீரைக் கொண்டு நிலக்கடலை பயிரிடும் நமக்கு, மழைபோல் நீரைத் தூவும் தெளிப்புப் பாசனம் புதிய செய்தியன்று. 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்ட்டன் எங்கில்ஹார்ட் என்னும் விவசாயி, நீரின் வேகத்தாலேயே தட்டித் தட்டிச் சுழலும் தெளிப்பானை அமைத்தார். நம் வயல்களில் இன்று சுற்றுவதும் அதன் வழிவந்ததே. கிச்சிலித் தோட்டக்காரர் ஒருவர் கண்ட கருவி என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

இதன் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் 1 அங்குலம் நீர் நிற்க ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர் வேண்டும். பாத்தி கட்டிப் பாய்ச்சுகையில், மடைக்கு அருகிலுள்ள பாத்தி தேவைக்கு மேல் குடித்த பின்னரே கடைப் பாத்தி நனைகிறது. மண் வாய்க்கால் குடிப்பது வேறு. ஆகவே 2 அங்குலம் வரை செலவாகிவிடுகிறது. தெளிப்பான்களை 12 மீட்டருக்கு ஒன்றாக நிறுத்தி, ஒவ்வொன்றும் மணிக்கு 1,800 லிட்டர் வீசுமாயின், மணிக்கு அரை அங்குல மழை பெய்ததற்குச் சமம். இரண்டு மணி நேரத்தில் 1 அங்குலம் முடிந்துவிடும். நிலக்கடலைக்கு மற்றொரு நன்மையும் உண்டு. சிறுகச் சிறுக நனைவதால் மேல்மண் இறுகாது. விழுதுகள் எளிதில் மண்ணுள் இறங்கும். தேங்கிய நீரில் வளரும் நெல்லுக்கு இம்முறை ஏற்றதன்று.

இவ்வளவு நன்மை இருந்தும், மானியத்தில் வாங்கிய குழாய்கள் மாட்டுக் கொட்டகையில் தூசி படிந்து கிடப்பதை ஊர்தோறும் காண்கிறேன். கேட்டால், "தண்ணீர் சீராக விழவில்லை" என்கிறார்கள். குறை பெரும்பாலும் தெளிப்பானில் இல்லை. தெளிப்பான் நன்கு சுழலச் சதுர சென்டிமீட்டருக்கு 2½ கிலோ அழுத்தம் வேண்டும். இது நீரை 25 மீட்டர், அதாவது 80 அடிக்கு மேல் ஏற்றுவதற்குச் சமமான வேலை. 60 அடி ஆழத்திலிருந்து வாய்க்கால் வாய்வரை மட்டுமே நீரை ஏற்றிய மோட்டார், இப்போது 140 அடி ஏற்றும் மோட்டாரைப் போல் உழைக்க வேண்டியிருக்கிறது. இதை ஆராயாமல் குழாய் வாங்கினால் பயன் என்ன? பம்பின் திறனைப் பொறியாளரைக் கொண்டு முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தம் சற்றே குறைவாயின், ஒரே நேரத்தில் ஓடும் தெளிப்பான்களின் எண்ணிக்கையைக் குறைத்துப் பார்க்கலாம்.

சீராக விழுகிறதா என்று அறிய, ஒரே அளவுள்ள பத்துத் தகரக் குவளைகளை வயலில் பரப்பி, ஒரு மணி நேரம் கழித்து நீரை அளந்தால் போதும். காற்று பலமாக வீசும் வேளையில் தெளிக்க வேண்டாம். மாலையில் தெளித்தால் இலை இரவெல்லாம் ஈரமாயிருந்து இலைப்புள்ளி நோய்க்கு இடமாகும், விடியற்காலையே நன்று. உப்பு மிகுந்த கிணற்று நீர் இலையைக் கருக்கும்.

தமிழ்நாட்டில் இக்கருவிக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் ஏனையோருக்கு 75 விழுக்காடும், அரசு வரையறுத்த அளவுக்குள், மானியம் உண்டு. சிட்டா, அடங்கல் முதலியவற்றுடன் வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகலாம்.

ஊராட்சி உறுப்பினர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். மிச்சமாகும் நீர் எங்கே போகிறது? அதைக் கொண்டு மேலும் ஓர் ஏக்கர் கரும்பு வைத்தால், கிணற்றுக்கு மிச்சம் ஏதுமில்லை. விவசாய மின்சாரம் இலவசமாதலால், மோட்டார் எத்தனை மணி ஓடினாலும் நம் மடி கனம் குறைவதில்லை. குறைவது அண்டை வயல்காரரின் கிணற்று நீரே. ஆழ்துளை போட வசதியில்லாத சிறு விவசாயியின் கிணறுதான் முதலில் வறள்கிறது. ஆகவே ஊரில் நான்கைந்து கிணறுகளைத் தேர்ந்து, கயிற்றில் கல்லைக் கட்டி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து, ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிவையுங்கள். கிராம சபை கூடும்போது அந்த எண்களை உரக்கப் படிக்கச் செய்யுங்கள். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. அடுத்த திங்களே தொடங்கலாம்.