ஐந்து கோப்பைத் தேத்தண்ணி

(நூற்றாண்டு ஒன்றுகூடலில், தேயிலை சுவைத்தல் நிகழ்வுக்கு முன்னர் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவர் பேச எழுந்தால் இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல், முழங்கால் வலி என்றுதான் பேச்சுப் போகும் என்று நினைத்திருப்பீர்கள். இன்று அப்படியில்லை. மண்டபத்தின் பின்பக்கத்தில் ஐந்து மேசைகளில் ஐந்து விதமான தேயிலை வைத்திருக்கிறோம். ஐந்தும் இந்த நாட்டில் விளைந்தவை, ஐந்தும் கறுப்புத் தேயிலை. பக்கத்தில் பலகாரத் தட்டுகளும் இருக்கின்றன. அவற்றை எப்படிச் சுவைப்பது, எதை எதோடு சாப்பிடுவது என்பதுதான் இன்றைய விடயம்.

மெல்பேணிலும் பாரிசிலும் இருக்கும் எங்கள் தோழிகள் சிலர் வைன் சுவைக்கும் கூட்டங்களுக்குப் போய்வந்து கதை சொல்வார்கள். எந்த மலைச்சரிவுத் திராட்சை, அந்த வருடம் மழை எப்படி, எந்த மீனுக்கு எந்த வைன் என்று ஒரு வாய்ப் பானத்தைப் பற்றி அரை மணித்தியாலம் பேசுவார்களாம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்த அளவுக்குப் பேச இடமுள்ள பானம் ஒன்று எங்கள் குசினியிலும் ஒரு பழைய பால்மா ரின்னுக்குள் இருக்கிறது. மலை, காற்று, பருவம் எல்லாம் அதற்கும் உண்டு. அது எந்த மலையில் விளைந்தது என்று கேட்டால் எங்களில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்?

கிளினிக்கில் நாங்கள் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று இருக்கிறது. "டொக்டர், சோத்தைக் குறைக்கச் சொல்லுங்கோ, குறைக்கிறன். தேத்தண்ணியில மட்டும் கை வைக்காதேங்கோ." சலரோகம் என்று சொன்ன அன்று அந்த அம்மாவின் முகம் வாடுவது மாத்திரையை நினைத்து அல்ல, சீனி போடாத தேத்தண்ணியை நினைத்துத்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் குறைந்தது 8 கிராம் சீனி. நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் தந்த வழிகாட்டலின்படி, வளர்ந்த ஒருவர் சேர்த்துக்கொள்ளும் சீனி நாளுக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள் இருப்பது நல்லது. பிஸ்கட்டும் கேக்கும் தொடமுன்னரே தேத்தண்ணி அந்த எல்லையைத் தாண்டி விடுகிறது.

"சீனியை நிற்பாட்டுங்கள்" என்று வெறுமனே சொல்வது தண்டனை மாதிரித்தான். சீனியை எடுத்துவிட்டால் அந்த இடத்துக்கு வேறொன்று வர வேண்டும். தேயிலையின் சொந்தச் சுவையைத் தவிர அங்கே வரக்கூடியது வேறில்லை. அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு இரண்டு மூன்று கிழமைக்குள் சீனி போட்ட தேத்தண்ணி பாணி மாதிரித் திகட்டத் தொடங்குவதை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறோம். ஐந்து மேசை போட்டதற்கு உண்மையான காரணம் இதுதான்.

இனிச் சுவைக்கு வருவோம். நாக்கின் நுனியில் இனிப்பு, பின்பக்கம் கைப்பு என்று ஒரு படம் கீறிப் படித்திருப்போம். அது சரியல்ல என்று இப்போது தெரியும். நாக்கின் எல்லாப் பக்கமும் எல்லாச் சுவையையும் உணரும். அதைவிட முக்கியம், சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கினுடையது. வாய்க்குள் இருக்கும் பானத்தின் வாசம் தொண்டைக்குப் பின்பக்கமாக மூக்குக்கு ஏறுகிறது. கொவிட் வந்து மணம் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். அந்தக் கணத்தில் வந்து சேர்வதுதான் தேயிலை.

கொழும்பில் 1883இலிருந்து தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு முன் தேயிலையைச் சுவைத்துத் தரம் பார்ப்பவர்கள் கோப்பையைக் குடிப்பதில்லை. கரண்டியால் எடுத்துச் சத்தத்தோடு உறிஞ்சி, காற்றும் தேத்தண்ணியும் வாய் முழுக்கப் பரவவிட்டு, பிறகு துப்பிவிடுவார்கள். உறிஞ்சிக் குடித்தால் விடுதி மேற்பார்வையாளரிடம் கிடைக்கும் பார்வை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இன்று ஒரு நாளைக்கு மட்டும் உரக்க உறிஞ்சலாம், அதிபரிடம் அனுமதி வாங்கியாயிற்று. துப்பத் தேவையில்லை.

சர்வதேச நியமம் ஒன்று உண்டு: 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, கொதித்த தண்ணீர், 6 நிமிடம். குறைகளைத் தேடுவதற்கான அளவு அது. எங்களுக்கு அது சற்றுக் கடுமை, வீட்டில் 3 அல்லது 4 நிமிடம் போதும். முக்கியம் என்னவென்றால் ஐந்துக்கும் ஒரே அளவு, ஒரே நேரம். இல்லாவிட்டால் நாம் ஒப்பிடுவது தேயிலையை அல்ல, ஊற்றியவரின் கைப்பக்குவத்தை. ஊறிய இலையையும் மணந்து பாருங்கள், கோப்பையைவிட அது கூடுதலாகக் கதை சொல்லும். ஆவி பறக்கக் குடிக்க வேண்டாம். 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016இல் சொல்லியிருக்கிறது. சூடு ஆறினால் சுவையும் நன்றாகத் தெரியும்.

இனி மேசைகள். மென்மையானதில் தொடங்கிக் கடுமையானதில் முடியுங்கள். முதலாவது நுவரெலியா, 6,000 அடிக்கு மேல் விளைவது. வெளிறிய பொன்னிறம், பூ வாசம். பால் விட்டால் பாவம், காணாமல் போய்விடும். இரண்டாவது திம்புள்ளை. தலவாக்கலை, ஹற்றன் பக்கம். யனவரியிலிருந்து மார்ச் வரை அங்கே வறண்ட குளிர்காலம், அப்போது பறித்த கொழுந்துதான் சிறந்தது. மூன்றாவது கண்டிப் பக்கத்து நடுமலைத் தேயிலை, செம்பு நிறம், நிறைவான உடம்பு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் முதல் தேயிலைத் தோட்டத்தைப் போட்ட லூல்கந்துரை இந்தக் கண்டிப் பகுதியில்தான் இருக்கிறது. இரண்டு வருடத்தில் கோப்பிச் செடிக்கு நோய் வந்து, நாடே தேயிலைக்கு மாறியது.

நாலாவது ஊவா. இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். யூலை முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, வறண்ட காற்றாகப் பதுளை, பண்டாரவளைச் சரிவுகளில் இறங்குகிறது. யாழ்ப்பாணத்தில் சோளகம் பட்டம் ஏத்துமளவுக்கு வீசுவதும், மட்டக்களப்பில் கச்சான் முகத்தைச் சுடுவதும் அதே மாதங்களில்தான். அந்த வறட்சியில் செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சில வாசப் பொருட்களைச் சுரக்கிறது. அதில் ஒன்று மெதைல் சலிசிலேற்று. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், சுளுக்குக்குப் பூசும் தைலத்தின் மணம் அதுதான். நல்ல பருவத்து ஊவாத் தேயிலையை உறிஞ்சும்போது தொண்டையில் ஒரு குளிர் ஏறும். சிலருக்கு முதல் வாயில் பிடிக்காது. இரண்டாவது வாயும் பாருங்கள். எங்களைக் கேட்டால் ஐந்திலும் முதலிடம் இதற்குத்தான்; திம்புள்ளைக்காரர் சண்டைக்கு வரலாம்.

ஐந்தாவது றுகுணை. 2,000 அடிக்குக் கீழே, காலி, மாத்தறைப் பக்கம் விளைவது. கறுத்த, தடித்த, மெல்லிய இனிப்புச் சாயலுள்ள தேத்தண்ணி. பால் விடுவதென்றால் இதற்கு விடுங்கள்.

சாப்பாட்டோடு சேர்ப்பதற்கு ஒரு சின்ன விளக்கம். தேயிலையின் துவர்ப்பு எங்கள் உமிழ்நீரிலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வறண்டு துடைத்தது போலாகிறது. பாலின் புரதமும் அப்படித்தான் அதைப் பிடித்துவைக்கும், அதனால் பால் விட்டால் துவர்ப்புக் குறைகிறது. எண்ணெய்ப் பலகாரத்துக்குத் துவர்ப்பான தேத்தண்ணி பொருந்துவது இதனால். பருத்தித்துறை வடையை ஊவாவோடு சாப்பிட்டுப் பாருங்கள், ஒவ்வொரு கடியும் முதல் கடி மாதிரி இருக்கும். வறுத்த பயற்று வாசத்துக்குப் பயத்தம் பணியாரம் றுகுணையோடு. வெள்ளரிக்காய் சான்ட்விச் நுவரெலியாவோடு. கண்டித் தேயிலைக்குப் பக்கத்தில் புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும் வைத்திருக்கிறோம். இது எந்த நட்சத்திர விடுதியிலும் கிடைக்காது. திம்புள்ளைக்குச் சீஸ், கனடாவிலிருந்து வந்த அக்காமாரின் உபயம். ஆட்டிறைச்சி றோல்ஸ் சாப்பிடுகிறவர்கள் தேத்தண்ணியை நன்றாக ஆறவிடுங்கள். மிளகாய் உறைப்பையும் கொதிசூட்டையும் உடம்பு ஒரே உணர்வாங்கியால்தான் அறிகிறது. அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. உறைப்போடு கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் இரண்டும் சேர்ந்து எரிக்கும், தேயிலையின் சுவை வராது.

உண்மையில் இந்தச் சேர்மானக் கலை எங்களுக்குப் புதிதல்ல. 90களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடைக் காலத்தில், சீனி கிடைக்காதபோது எங்கள் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தவர்கள்தானே. இனிப்பு கோப்பைக்குள் இல்லை, பக்கத்தில் இருந்தது. ஒரு கடி, ஒரு மிடறு. தேத்தண்ணி தேத்தண்ணியாகவே இருந்தது. இல்லாமையால் வந்த பழக்கம் அது, தடை நீங்கிச் சீனி வந்ததும் விட்டுவிட்டோம். பனங்கட்டியும் உடம்புக்குச் சீனிதான், சலரோகக்காரர் அதை மருந்தென்று நினைக்க வேண்டாம். ஆனால் விரல்நுனியளவு துண்டு ஒன்று கோப்பை முழுவதற்கும் போதுமாக இருந்ததே, அதை மீண்டும் பழகலாம்.

வைத்தியர் என்ற வகையில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் கீரை, பருப்பு போன்றவற்றில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும். எங்கள் பெண்பிள்ளைகளிலும் கர்ப்பிணித் தாய்மாரிலும் இரத்தச்சோகை உள்ளவர்கள் பலர். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குபவர்களையும் காண்கிறோம். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். இன்று நாம் சேர்ப்பதெல்லாம் பலகாரத்தோடுதான், சோற்றோடு அல்ல.

மருத்துவபீடத்தில் எங்களோடு படித்த மலையகத் தோழி ஒருத்தி இருந்தாள். அவளுடைய அம்மா கொழுந்து பறித்தவர். தரமான தேயிலையை முதன்முதலில் குடித்தது தோட்டத்தில் அல்ல, கொழும்பில் ஒரு விருந்தில் என்று அவள் சொல்லியிருக்கிறாள். லயத்தில் குடித்தது விற்பனைக்குப் போகாத தூள். 1 கிலோ தேயிலைக்கு 4 முதல் 5 கிலோ வரை பச்சைக் கொழுந்து வேண்டும். இரண்டு இலை ஒரு மொட்டாக, கையால், சரிவில் நின்று பறிக்க வேண்டும். 2023இல் அந்த மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் நிறைந்ததை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். வைன் குடிப்பவர்கள் தோட்டத்தின் பெயரையும் தோட்டக்காரரின் பெயரையும் சொல்லிக் குடிக்கிறார்கள். நாம் ஏன் பறித்த கையைப் பற்றிப் பேசாமல் குடிக்க வேண்டும்? அவளும் இன்று வந்திருக்கிறாள். ஊவா மேசையில் நின்று ஊற்றப்போவது அவள்தான். தோட்டத்தைப் பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் அவளிடமே கேளுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தை. பொதியில் மாவட்டப் பெயரும், முடிந்தால் தோட்டப் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை இருந்தால் அது முழுக்க இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்தது. ஓறஞ்ச் பீக்கோ, பீ.ஓ.பி. என்பவை இலையின் பருமனைச் சொல்லும் பெயர்கள், தோடம்பழத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. இலண்டன் தண்ணீர் கடினநீர், மேலே ஆடை படியும், வடிகட்டிய தண்ணீரைப் பாவியுங்கள். சரக்குத்தூள் அலுமாரியில் தேயிலையை வைக்க வேண்டாம், ஒரு மாதத்தில் கோப்பையில் மல்லி மணக்கும். உங்கள் கிளைச் சங்கக் கூட்டத்திலும் இப்படி ஒரு நாளை ஒழுங்கு செய்யலாம். ஐந்து சிறு பொதியும் ஒரு கேத்திலும் ஒரு மணிக்கூடும் இருந்தால் போதும்.

தண்ணீர் கொதித்துவிட்டதாகத் தங்கைமார் கை காட்டுகிறார்கள். பத்துப் பத்துப் பேராக வாருங்கள், முதல் மேசையில் எங்கள் ஆசிரியைகள். சீனி கேட்பவர்களுக்குச் சீனியும் வைத்திருக்கிறோம், ஆனால் அது மேடைக்குப் பின்னால், பூட்டிய அலுமாரிக்குள். திறப்பு அதிபரிடம்.