இரண்டு மலேரியா ஒரே உடம்பில்: 14 நாள் மாத்திரையை நிறுத்தாதீர்கள்
(நமது அறக்கட்டளையின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

நம் தர்மபுரி மாவட்டப் பிள்ளைகள் போர்வெல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் ஒடிசா, சத்தீஸ்கர் வரை போகிறார்கள். மலேரியா மிகுந்த காட்டுப் பகுதிகள் அங்கே உண்டு. அப்படிப் போய்வந்த நம் ஜமாஅத் இளைஞர் ஒருவருக்குக் குளிர்காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் வைவாக்ஸ், பால்சிபாரம் என இரண்டு கிருமிகளும் இருந்தன. இதைத்தான் கலப்பு மலேரியா என்கிறார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டாலும் ஆபத்து. வைவாக்ஸ் மட்டும் என்று குளோரோகுயின் கொடுத்தால், அதற்குக் கட்டுப்படாத பால்சிபாரம் மூளை வரை தாக்கி உயிரைப் பறிக்கலாம். பால்சிபாரத்துக்கு மட்டும் மருந்து கொடுத்தால், கல்லீரலில் ஒளிந்திருக்கும் வைவாக்ஸ் சில வாரமோ சில மாதமோ கழித்து மறுபடி கிளம்பும்.

ஒரு கிருமி மிகுதியாக இருந்தால் மற்றது கண்ணுக்குத் தப்பலாம். எனவே, கிட் பரிசோதனையோடு நின்றுவிடாமல் ஸ்லைடும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த ஊர் போய் வந்தீர்கள் என்பதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

2013 தேசிய சிகிச்சை நெறிமுறைப்படி, நம் மாநிலத்தில் கலப்பு மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேட்டுடன் கூடிய கூட்டு மருந்து 3 நாள். கல்லீரலில் உள்ளதை அழிக்க பிரிமாகுயின் 14 நாள். கர்ப்பிணிகளுக்கும், ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்கும், ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கும் பிரிமாகுயின் ஆகாது. சிறுநீர் கறுத்துப் போனால் மாத்திரையை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அந்த இளைஞருக்கு மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது. ரமலான் மாதம், பிரிமாகுயினை வெறும் வயிற்றில் போடக்கூடாது என்று மாத்திரையை வைத்துவிட்டு நோன்பு பிடித்தார். இரண்டு மாதத்தில் மீண்டும் படுத்தார். முதல் நாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன நாம், பிறகு விசாரிக்கவில்லை. அது நம் தவறு.

நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. விட்ட நோன்பைப் பிறகு களாச் செய்யலாம். மாத்திரையை நோன்பு திறந்த பிறகு சாப்பிடலாமா என்பதை டாக்டரிடமே கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இனி நம் மஹல்லாவில் யாருக்கு மலேரியா என்றாலும், மருந்து முடியும் நாள்வரை நம் தொண்டர் ஒருவர் தினமும் வீடு தேடி வருவார். கதவைத் திறந்து, மாத்திரை அட்டையைக் காட்டுங்கள்.