ஜானும் அருளப்பனும் ஒரே பேர்தான்

இன்னைக்குப் பேர்களைப் பத்திப் பேசப்போறேன்.

எனக்குச் சொந்த ஊர் நெட்டப்பாக்கம். எங்க தாத்தா பேர் அருளப்பன். பெரியப்பா பேர் பிரெஞ்சுக் காகிதத்துல ழான். என் தம்பி ஜான். மூணு தலைமுறை, மூணு பேர் மாதிரி தெரியுதுல்ல? மூணும் ஒண்ணுதான்.

மூலம் எபிரேய மொழியில 'யோஹானான்'. 'யோ' என்பது கடவுள் பேரோட சுருக்கம். 'ஹானான்' என்றால் அருள் செய்தார். கிரேக்கம், லத்தீன் வழியா இந்தப் பேர் ஐரோப்பாவுக்குப் போய் ழான், ஜான், இவான்னு ஆச்சு. ஒலி மாறி மாறி வந்தது. அர்த்தம் காதுல விழாம போச்சு. தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஒலியை விட்டுட்டு அர்த்தத்தை எடுத்துக்கிட்டாங்க. அதுதான் அருளப்பன்.

யோசேப்புக்கும் இதே கதைதான். 'சேர்த்துக் கொடுப்பாராக' என்று அர்த்தம். இன்னொரு மகனும் வேணும்னு கேட்டு ராகேல் வைத்த பேர் என்கிறது ஆதியாகமம். வீரமாமுனிவரோட தேம்பாவணியில அந்தப் பேர் கொண்ட சூசையப்பர் 'வளன்' ஆகிறார். திருச்சி தூய வளனார் கல்லூரியில இருக்கிற வளனார் இவர்தான்.

லாசரு என்பது எலெயாசர், 'கடவுள் உதவினார்'. நட்டாலத்து நீலகண்ட பிள்ளை 1745ல் வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் வாங்கினப்போ, அந்தப் பேரைத் தமிழ்ல வாங்கிக்கிட்டார்: தேவசகாயம். மதம் மாறினதுக்கு அப்புறம் சிறை, சித்திரவதை. 1752ல் ஆரல்வாய்மொழி பக்கத்துல சுட்டுக் கொன்னாங்க. 2022ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அத்தனை கொடுமைக்கு நடுவுலயும் அவரைக் கூப்பிட்டவங்க 'கடவுளின் உதவி'ன்னுதான் கூப்பிட்டிருக்காங்க.

பழைய கத்தோலிக்க பைபிள்ல 'அருளப்பர்' நற்செய்தின்னு இருக்கும். 1995ல் வந்த பொது மொழிபெயர்ப்புல அது 'யோவான்' ஆச்சு. எல்லா சபைக்கும் ஒரே பேர் வேணும், நியாயம்தான். ஆனா கோயில்ல அந்தப் பேர் காதுல விழுறது குறைஞ்சதும், வீட்டுலயும் வைக்கிறது குறைஞ்சுபோச்சு.

என் தங்கச்சிக்கு அடுத்த மாசம் குழந்தை. அவ லிஸ்ட்ல ஷான், இவான், ஜோஹன் இருக்கு. "தாத்தா பேர் வைக்கலாமே"ன்னேன். "அது பழசு அண்ணா"ன்னா. "நீ எழுதி வச்சிருக்கிற மூணுமே தாத்தா பேர்தான்"னு சொன்னதும் கொஞ்ச நேரம் பேசல. இப்போ லிஸ்ட்ல நாலாவதா 'அருள்' இருக்கு.

எங்க தெருவுல எந்தச் சாமி கும்பிடுறவங்களுக்கும் 'அருளப்பன்' என்றால் என்னன்னு கேட்டதும் புரியும். 'ஷான்' என்றால் என்னன்னு அந்தக் குழந்தைக்கே யாராவது சொல்லணும். எதை வச்சாலும் சரி, அதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்க.

உங்க வீட்டுப் பெரியவங்க பேருக்கு என்ன அர்த்தம்? கேட்டுட்டு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பேசுவோம்.