மழை ஊரில் பழச் சீவல்



நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டனை நோக்கி மூச்சிரைக்க ஏறும் ரயில், கலபொடையைத் தாண்டி வட்டவளை நிலையத்தில் நிற்கும்போது, பெட்டிகளில் பாதி ஜன்னல்கள் மூடிக் கிடக்கும். இலங்கையில் அதிக மழை பெய்யும் இடங்களைச் சொல்லச் சொன்னால் வட்டவளையின் பெயர் முதல் வரிசையில் வந்துவிடும். ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. யாழ்ப்பாணத்தில் பெய்வதைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்து வரும் நீரையெல்லாம் இந்த மேற்குச் சரிவில்தான் கொட்டுகிறது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் வாசலில் கட்டிய கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் ஈரம் விடாது. பொரித்துத் தட்டில் வைத்த அப்பளம் சோறு பரிமாறி முடிவதற்குள் நமத்துப்போகும்.

இப்படிப்பட்ட ஊரில் பழத்தைச் சீவி, எண்ணெய் இல்லாமல், வாயில் போட்டால் மொறுக்கென்று உடைகிற இனிப்புச் சிப்ஸ் செய்ய முடியுமா என்று கேட்டால், பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் யாரும் சிரித்திருப்பார்கள். இப்போது கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளும், வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்புகிறவர்களும் வீட்டுக்குக் கொண்டுவரும் சாமான்களில் எயார் ஃப்ரையரும் சேர்ந்துவிட்டது. முதல் ஒரு மாதம் கோழி, உருளைக்கிழங்கு என்று அமர்க்களப்படும். பிறகு அலுமாரியின் மேல் ஏறிவிடும். அதை மறுபடி கீழே இறக்க வைக்கும் பண்டம் ஒன்று உண்டென்றால் அது பழச் சீவல்தான்.

இந்தப் பெட்டி உலகச் சந்தைக்கு வந்தது 2010இல். நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபிரெட் வான் டெர் வெய் என்பவர் உருவாக்கிய வடிவத்தை பிலிப்ஸ் நிறுவனம் அந்த ஆண்டு பேர்லினில் நடந்த மின்சாதனக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. உள்ளே பெரிய மாயம் ஒன்றும் இல்லை. மேலே சூடேறும் கம்பிச் சுருள், அதோடு ஒரு விசிறி, கீழே துளைகள் போட்ட கூடை. சுருளின் வெப்பத்தை விசிறி வேகமாகச் சுழற்றி உணவின் மேல் வீசுகிறது. எண்ணெய்ச் சட்டி செய்வதைக் காற்று செய்கிறது. உருளைக்கிழங்கை 180, 200 பாகை செல்சியஸில் போட்டால் பொரித்தது போல் வரும். அதே பெட்டியை 100 பாகைக்குக் குறைத்துவிட்டால் அது பொரிப்பதை நிறுத்தி உலர்த்தத் தொடங்குகிறது.

சூடான காற்றை விசிறியால் வீசி உலர்த்துவது வட்டவளைக்குப் புதிய வித்தையா? தோட்டத்து ஸ்டோருக்குள் ஒரு முறையாவது நுழைந்தவர்களுக்குத் தெரியும். மலையகத்தில் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அங்கே கொழுந்தை முதலில் இரவு முழுவதும் காற்றில் வாட்டுகிறார்கள். பிறகு உருட்டி அரைத்து, சிவக்க விட்டு, கடைசியில் உலர்த்தும் இயந்திரத்துக்குள் அனுப்புகிறார்கள். ஏறக்குறைய 100 பாகைச் சூட்டுக் காற்று அதன் வழியே ஓட, இருபது நிமிட அளவில் தேயிலையின் ஈரம் நூற்றுக்கு மூன்று என்ற அளவுக்கு இறங்கிவிடும். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோத் தூளாவது இப்படித்தான்.

இந்த இயந்திரங்களின் முன்னோடிகளில் ஒருவர் சாமுவேல் டேவிட்சன். பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த இவர் 1846இல் பிறந்தவர். 1864இல் இன்றைய அசாமிலுள்ள கச்சாருக்குத் தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் போனார். கரி அடுப்பின் மேல் மூங்கில் தட்டு வைத்துத் தேயிலையை உலர்த்திய காலம் அது. புகை நாற்றம், கருகல், ஆளுக்கொரு பக்குவம். அதைப் பார்த்துச் சலித்துப்போய், சூட்டுக் காற்றால் உலர்த்தும் இயந்திரங்களை வடிவமைத்தார். ஊர் திரும்பி 1881இல் 'சிரொக்கோ' என்ற பெயரில் தொழிற்சாலை தொடங்கினார். சகாராப் பாலைவனத்திலிருந்து வீசும் அனல்காற்றின் பெயர் அது. பாலைவனத்துக் காற்றைப் பெட்டிக்குள் அடைத்து மழைநாட்டுக்கு விற்ற மனிதர் என்று அவரைச் சொல்லலாம். அந்த வகையில் சமையலறை மேசையில் இருக்கும் எயார் ஃப்ரையர், ஸ்டோரில் ஓடும் உலர்த்தியின் பேரப்பிள்ளை.

வெளியே கொட்டும் மழையில் பெட்டிக்குள் மட்டும் எப்படிப் பழம் காய்கிறது? இதற்கு ஒரு கணக்குப் போதும். 20 பாகைக் குளிரில், நூற்றுக்கு 95 பங்கு ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை எடுத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் இன்னும் கொஞ்சம் நீராவி ஏறினாலே நிரம்பிவிடும். அதையே 90 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் நூற்றுக்கு மூன்று பங்கு என்ற அளவுக்கு விழுந்துவிடும். காற்றில் இருந்த நீர் எங்கும் போகவில்லை. சூடான காற்றின் தாகம் கூடிவிட்டது, அவ்வளவுதான். எந்த ஈரத்தையும் குடிக்கத் தயாரான காற்று அது. யாழ்ப்பாணத்தில் பனங்களியைப் பாயில் ஊற்றி, அடுக்கு மேல் அடுக்காக வெயிலில் காயவைத்துப் பனாட்டு செய்வார்கள். அதற்கு அங்கே வெயில் இருக்கிறது. வட்டவளைக்கு அந்த வெயிலை மின்சாரம் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

பழத்தை நறுக்கியதும் நிறம் மாறுவதிலும் தேயிலையின் சாயல் உண்டு. அப்பிளையோ பேரிக்காயையோ வெட்டி வைத்தால் சிறிது நேரத்தில் பழுப்பேறுகிறது. பழத்தின் கலங்கள் உடைந்ததும் பொலிபினோல் ஒக்சிடேஸ் என்ற நொதியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து செய்யும் வேலை அது. ஸ்டோரில் உருட்டிய பச்சைக் கொழுந்தைச் சிவக்க வைப்பதும் இதே நொதியம்தான். தேயிலைக்கு அது வேண்டும். பழச் சீவலுக்கு வேண்டாம். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு தேசிக்காயைப் பிழிந்து, வெட்டிய துண்டுகளை ஐந்து நிமிடம் போட்டு எடுத்தால் புளிப்பு அந்த நொதியத்தை அடக்கிவிடும். எடுத்த துண்டுகளைத் துணியில் ஒற்றி ஈரம் போக்குவது முக்கியம். சொட்டச் சொட்டக் கூடையில் போட்டால் மின்சாரம் அந்தத் தண்ணீரைக் காயவைப்பதிலேயே செலவாகும்.

எந்தப் பழம்? எல்லாப் பழமும் மொறுமொறுக்காது. வத்தகப்பழத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். அதைக் காயவைத்தால் தோல் போன்ற ஏதோ ஒன்று மிஞ்சும். மாம்பழமும் அன்னாசியும் மெல்லும் பதத்துக்கு வருமே தவிர உடையும் பதத்துக்கு எளிதில் வராது. ஆனாலும் அன்னாசித் துண்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் காயவைத்தால், மொறுமொறுப்பு இல்லையே என்ற குறை யாருக்கும் வருவதில்லை. நன்றாக மொறுமொறுப்பாக வருவது அப்பிளும் வாழையும் பேரிக்காயும். அப்பிள் கடல் கடந்து வருவது, விலையும் அப்படித்தான். பேரிக்காய் நுவரெலியாப் பக்கமே விளைகிறது. உள்ளே மணல் போன்ற நொறுவல் இருப்பதால் காய்ந்தபின் கடிக்க நன்றாக இருக்கும்.

வாழைப்பழத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். கரும்புள்ளி விழுந்த கோழிக்கூட்டுப் பழத்தைச் சீவினால் கத்தியிலேயே ஒட்டும், காய்ந்தால் இழுவையாகும். பழுக்கத் தொடங்கி, தோலில் பச்சை ஓரம் இன்னும் போகாத செங்காய்ப் பதம் வேண்டும். அந்த நிலையில் மாவும் இருக்கும், இனிப்பும் ஏறியிருக்கும். நாகர்கோவிலிலும் கேரளத்திலும் நேந்திரங்காயைத் தேங்காயெண்ணெயில் போட்டுப் பொரிக்கும் சிப்ஸை இதோடு ஒப்பிட வேண்டாம். அதன் மணமும் மொறுமொறுப்பும் எண்ணெய் தருபவை. கடையில் வாங்கும் பொரித்த வாழைக்காய்ச் சிப்ஸில் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. காற்றில் காய்ந்தது வேறு சுவை, வேறு பண்டம்.

பலாவை யாரும் நினைப்பதில்லை. கினிகத்தேனைப் பக்கமும் நாவலப்பிட்டிப் பக்கமும் பருவத்தில் பழங்கள் மரத்தடியிலேயே விழுந்து அழுகுகின்றன. சிங்களக் கிராமங்களில் பலாச்சுளையை அவித்துக் காயவைத்து 'அட்டு கொஸ்' என்று பத்திரப்படுத்தும் வழக்கம் பழையது. இனிப்புச் சிப்ஸுக்குக் கூழன் பலா உதவாது. வருக்கன் பலாச் சுளையைக் கொட்டை நீக்கி, நீளவாக்கில் மெல்லிய கீற்றாக வெட்ட வேண்டும். காயும்போது வீடு முழுவதும் எழும் வாசனைக்காகவே அதைச் செய்யலாம்.

இனிச் செய்முறை. துண்டின் கனம் இரண்டு முதல் மூன்று மில்லிமீற்றர். அதைவிடக் கனமானால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். அதைவிட முக்கியம் எல்லாத் துண்டும் ஒரே கனமாக இருப்பது. இல்லாவிட்டால் சில கருகும், சில வதங்கும். கூடையில் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். சீனி சேர்க்கத் தேவையில்லை. கொஞ்சம் கறுவாத்தூள் தூவினால் அப்பிளுக்கு எடுப்பாக இருக்கும். சூட்டை 100 பாகையை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பழத்திலுள்ள ஃபிரக்டோஸ் என்னும் சீனி 110 பாகையை ஒட்டியே பழுப்பேறத் தொடங்கும். அவசரப்பட்டு 160இல் வைத்தால் ஓரம் கறுத்துக் கசக்கும். நடு ஈரமாகவே இருக்கும். அப்பிளுக்கும் வாழைக்கும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். பலாவுக்கு அதற்கும் மேல். பெட்டிக்குப் பெட்டி இது மாறும். கால் மணிக்கு ஒருமுறை திறந்து புரட்டிவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. காய்ந்து இலேசான சீவல்கள் விசிறிக் காற்றில் மேலே எழும்பிச் சூட்டுச் சுருளில் ஒட்டிக்கொள்ளும். கருகல் வாசனை மட்டுமல்ல, தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. பெட்டியோடு வரும் சிறிய கம்பித் தட்டு ஒன்றை அவற்றின் மேல் கவிழ்த்து வைத்தால் போதும். எண்ணெய்த் தாளை வெறுமனே விரித்துப் பெட்டியைச் சூடாக்குவதும் இதே காரணத்தால் கூடாது.

வெளியே எடுத்ததும் தொட்டுப் பார்த்தால் சீவல் வளையும். ஏமாந்து மறுபடி உள்ளே தள்ளாதீர்கள். பழத்தின் சீனி சூட்டில் இளகியிருக்கும். ஆறினால்தான் கண்ணாடி போல் இறுகி உடையும். ஒரு துண்டை மட்டும் வெளியே வைத்து ஐந்து நிமிடம் கழித்துக் கடித்துப் பார்ப்பதே சரியான சோதனை. அதன் பிறகு வட்டவளையில் நேரம் கடத்த முடியாது. காய்ந்த சீனி காற்றிலுள்ள ஈரத்தை உடனே இழுத்துக்கொள்ளும். மழைநாளில் திறந்த தட்டில் அரை மணி நேரம் வைத்தால் பாடுபட்டது வீண். ஆறியவுடனே, ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில், விளிம்புவரை நிரப்பி, மூடியை இறுக்க வேண்டும். ஸ்டோரில் தூளை ஈரம் புகாத உறைகளில் அடைத்து வைப்பதற்கும் காரணம் இதுதான். நமத்துப்போனாலும் கவலையில்லை. மறுபடி ஐந்து நிமிடம் பெட்டிக்குள் வைத்தால் மொறுமொறுப்புத் திரும்பும்.

எண்ணெய் இல்லை என்பதால் எவ்வளவும் தின்னலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு கிலோ அப்பிளில் ஏறக்குறைய 850 கிராம் தண்ணீர். அது போனபின் மிஞ்சுவது 150, 160 கிராம் சீவல். அதில் பாதிக்கு மேல் சீனி. முழு அப்பிளைத் தின்றால் வயிறு நிறையும். அதே அப்பிளின் சீவல் ஒரு கைப்பிடி. பேச்சுவாக்கில் இரண்டு மூன்று கைப்பிடி போய்விடும். நீரிழிவு உள்ளவர்கள் இதை நொறுக்குத்தீனியாக எண்ணாமல் இனிப்புப் பண்டமாகவே எண்ண வேண்டும்.

அடுத்தது காசு. சாதாரணப் பெட்டி 1500 வாட் அளவு மின்சாரம் எடுக்கும். இடைவிடாமல் எரிந்தால் மணிக்கு ஒன்றரை யூனிட். குறைந்த சூட்டில் சுருள் விட்டுவிட்டு எரிவதால் அதைவிடக் குறையும். ஆனாலும் ஒருமுறை போட்டால் கிடைப்பது ஒரு கிண்ணம். 2022, 2023 கட்டண உயர்வுகளுக்குப் பிறகு மாதம் 60 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் வீடுகள் லயங்களில் நிறைய உண்டு. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் ஒரு எயார் ஃப்ரையர் வாங்க அரை மாதத்துக்கு மேல் வேலை செய்ய வேண்டியிருந்தது. பழச் சிப்ஸ் தின்பதற்காக மட்டும் இதை வாங்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஏற்கனவே வீட்டில் இருந்தால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் வழி ஒன்றை ஸ்டோரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். கொழுந்தை நேரே சூட்டில் தள்ளுவதில்லை. முதலில் வாட்டி, ஈரத்தில் ஒரு பகுதியைக் காற்றுக்கே கொடுத்துவிடுகிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இந்தச் சரிவில் வறண்ட குளிர்காற்று வீசும். இதே சரிவிலுள்ள டிம்புல வட்டாரத்தின் நல்ல தேயிலைக்குப் பேர்போன மாதங்களும் அவைதான். அந்த நாட்களில் சீவிய பழத்தை மெல்லிய வலைத்துணியால் மூடி இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டு, கடைசி வேலையை மட்டும் பெட்டிக்கு விடலாம். மழைக்காலத்தில் இப்படி வெளியே வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அப்போது நறுக்கிய கையோடு பெட்டிக்குள் போட வேண்டியதுதான்.

அப்பிள் வாங்கிப் பழகிப் பார்க்க வேண்டாம், நேயர்களே. தவறினாலும் கை சுடாத பழத்தில் தொடங்குங்கள்: வீட்டுப் பின்புறத்து வாழைச்சீப்பில் செங்காய் நாலு, அயல்வீட்டு வருக்கன் பலாவில் பத்துச் சுளை.